ஒரு லேப்டாப், இரண்டு திரை

குஜராத் மாநிலத்தில் வடோதரா என்று ஒரு நகரம் இருக்கிறது. நவராத்திரி வந்துவிட்டால் அங்கே ஒன்பது இரவும் கர்பா ஆட்டம்தான். ஆண்களும் பெண்களும் வட்டமாகச் சுற்றி வந்து ஆடுவார்கள். ஒரு வட்டத்துக்குள் இன்னொரு வட்டம். அதற்குள் இன்னொரு வட்டம். பெரிய மைதானங்களில் ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் ஆடுவார்கள். 2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் யுனெஸ்கோ நிறுவனம் தன் கலைப் பட்டியலில் கர்பாவையும் சேர்த்தது.

பாடகர்கள் மேடையில் பாடுவார்கள். கடைசி வட்டத்தில் ஆடுகிறவருக்குப் பாடகரின் முகம் தெரியாது. ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு ஆட்டமே தெரியாது. முன்னால் நிற்பவர்களின் முதுகுதான் தெரியும். அதனால்தான் மைதானத்தின் ஓரங்களில் பெரிய எல்.இ.டி. திரைகளை நிறுத்துகிறார்கள்.

அந்தத் திரைகளில் படம் எப்படி வருகிறது?

கலப்பதா, தேர்ந்தெடுப்பதா?

மைதானத்தில் ஒரு கேமரா மட்டும் இருக்காது. ஒன்று பாடகரைக் காட்டும். ஒன்று உயரத்திலிருந்து வட்டங்களைக் காட்டும். இன்னொன்று ஆடுகிறவர்களின் நடுவே போய்வரும். மூன்று கேமராவிலும் எப்போதும் படம் ஓடிக்கொண்டே இருக்கும். திரையில் வருவது ஒன்றுதான். இப்போது எது வர வேண்டும், அடுத்து எது வர வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து மாற்றிக்கொண்டே இருக்கிறார். இந்த வேலைக்கு ‘லைவ் மிக்ஸிங்’ என்று பெயர். மிக்ஸிங் என்றால் கலப்பது. ஆனால் இதில் கலப்பது குறைவு. தேர்ந்தெடுப்பதுதான் அதிகம்.

முன்பு இது பெரிய நிலையங்களின் வேலையாக இருந்தது. வடோதராவுக்குப் பக்கத்தில் கேடா மாவட்டம் இருக்கிறது. அங்கே பீஜ் என்ற கிராமத்தில் 1975ஆம் ஆண்டு ஒரு டிவி ஒளிபரப்புக் கோபுரம் இயங்கத் தொடங்கியது. சுற்றிலும் உள்ள கிராமங்களில் ஊருக்குப் பொதுவாக டிவி பெட்டி வைத்தார்கள். மாலையில் ஊரே அதன் முன்னால் உட்கார்ந்து பார்த்தது. படத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஸ்டுடியோவில் இருந்தார்கள். அவர்களின் இயந்திரங்கள் ஒரு அறையையே அடைத்துக்கொள்ளும்.

இன்று அதே வேலையை ஒரு மேசையும் ஒரு லேப்டாப்பும் வைத்துச் செய்துவிடலாம். அதற்கு ஓ.பி.எஸ். என்று ஒரு மென்பொருள் உள்ளது. அது 2012ஆம் ஆண்டு வந்தது. அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

மைதானத்தில் நடந்தது

ஒரு சின்னக் குழுவை எடுத்துக்கொள்வோம். லேப்டாப் முன்னால் உட்காருபவர் ஒரு பெண். கேபிள் இழுப்பது, பெட்டி தூக்குவது எல்லாம் ஓர் இளைஞர். அவர் வேலைக்குப் புதிது. அந்தப் பெண்ணை அவர் ‘பென்’ என்று கூப்பிடுவார். குஜராத்தியில் பென் என்றால் சகோதரி. அந்தப் பெண் அவரைப் ‘பாய்’ என்று கூப்பிடுவார். பாய் என்றால் சகோதரன்.

ஆட்டம் தொடங்குவதற்கு முதல் நாள் மாலை. பென் கேமராக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தார். ‘நாமே ஒரு வேலையை முடித்துவைப்போம்’ என்று இளைஞர் நினைத்தார். திரைக்குப் போகும் கேபிளை லேப்டாப்பில் செருகினார். உடனே பெரிய திரையில் படம் வந்துவிட்டது.

“பென், வந்துவிட்டது! வந்துவிட்டது!” என்று கத்தினார்.

பென் திரும்பிப் பார்த்தார். அவருடைய லேப்டாப்பில் இருந்த எல்லாமே திரையில் இருந்தன. கோப்புகள், எழுதி வைத்த கணக்கு, மகளின் போட்டோ. அம்புக்குறி கூட ஓர் ஆள் உயரத்துக்கு நின்றது. அதே நேரம் மூலையில் ஒரு செய்தி வந்து விழுந்தது. கடன் தவணை இன்னும் கட்டவில்லை என்று வங்கியிலிருந்து வந்த செய்தி. ஒவ்வோர் எழுத்தும் ஒரு முழ உயரம். விழாக் குழுவினர் அங்கே நின்றார்கள். விளக்கு கட்டுகிறவர் நின்றார். டீ கொண்டுவந்த பையனும் நின்றான். எல்லாரும் படித்தார்கள்.

பென் ஓடவில்லை. நடந்து வந்து கேபிளை உருவினார். திரை கறுப்பாகிவிட்டது.

“நான் கேபிளை மட்டும்தானே செருகினேன், பென்?” என்றார் இளைஞர். குரல் நடுங்கியது.

“கேபிளில் தப்பு இல்லை, பாய். இந்த லேப்டாப் நகல் எடுக்கும்படி இருந்தது. அதை மாற்றாமல் விட்டது என் வேலைதான். உட்காருங்கள், காட்டுகிறேன்.”

நகலும் நீட்டிப்பும்

லேப்டாப்போடு இன்னொரு திரையைச் சேர்க்க இரண்டு முக்கியமான வழிகள் உண்டு. முதல் வழி நகல். லேப்டாப்பில் தெரிவது அப்படியே வெளியிலும் தெரியும். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்த இது போதும். இரண்டாவது வழி நீட்டிப்பு. ஒரு மேசை போதாமல் பக்கத்தில் இன்னொரு மேசை போடுவதைப் போன்றது இது. இரண்டாவது மேசையில் எதை வைக்கிறோமோ அதுதான் அங்கே இருக்கும். முதல் மேசையில் இருப்பது அங்கே தெரியாது.

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவர் தன் இலையை மட்டும் பார்க்கிறார். சமையல்கட்டில் சிந்தியதையும் கருகியதையும் பார்ப்பதில்லை. மிக்ஸிங் செய்கிறவருக்கும் ஒரு சமையல்கட்டு வேண்டும். அதனால் இந்த வேலைக்கு நீட்டிப்புதான் சரி.

விண்டோஸ் லேப்டாப்பில் நான்கு கட்டம் போட்ட ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்திக்கொண்டே ஆங்கில எழுத்து ‘பி’யை அழுத்தினால் நான்கு வரிகள் வரும். ‘டூப்ளிகேட்’ என்பது நகல். ‘எக்ஸ்டெண்ட்’ என்பது நீட்டிப்பு. மற்ற இரண்டில் ஒன்று லேப்டாப் திரை மட்டும், இன்னொன்று வெளித்திரை மட்டும். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் சின்னப் படம் இருக்கும். இளைஞர் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி ‘எக்ஸ்டெண்ட்’ என்று படித்தார். அதை அழுத்தினார். பெரிய திரையில் வெறும் பின்னணி மட்டும் வந்தது. கணக்கும் இல்லை, போட்டோவும் இல்லை.

“பின்னணியும் கறுப்பாக இருக்கட்டும், பாய்” என்றார் பென். “நடுவில் ஏதாவது நின்றுபோனால் கறுப்புத்தான் தெரியும். கூட்டம் அதைப் பெரிதாக எண்ணாது.”

செய்தி வருவதையும் அவர் நிறுத்தி வைத்தார். லேப்டாப் தானாகத் தூங்கிப்போகாதபடி மாற்றினார். சார்ஜரையும் செருகி வைத்தார்.

பிறகு ஓ.பி.எஸ்.ஸைத் திறந்தார். அதில் ‘ஸ்டுடியோ மோட்’ என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் இரண்டு பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் வரும். இடது பெட்டியில் அடுத்த படத்தைத் தயார் செய்யலாம். வலது பெட்டியில் இருப்பதுதான் வெளியே போகும் படம். நடுவில் உள்ள பொத்தானை அழுத்தும்போது இடது பக்கப் படம் வலது பக்கம் போகும். வலது பெட்டியின் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் முழுத்திரை புரொஜெக்டர் என்பதைத் தேர்ந்து, இரண்டாவது திரையைக் காட்ட வேண்டும். அவ்வளவுதான். வலது பெட்டியின் படம் பெரிய திரை முழுவதும் நிறைந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. அதன் பிறகு ‘எஸ்கேப்’ பொத்தானைத் தொடக் கூடாது. அது புரொஜெக்டரையே மூடிவிடலாம். மவுஸும் அப்படித்தான். கவனம் தப்பினால் அம்புக்குறி பெரிய திரைக்குள் நழுவிப் போய்விடும்.

உள்ளே வரும் வாசல், வெளியே போகும் வாசல்

புதிதாக வருகிறவர்கள் அடிக்கடி செய்யும் இன்னொரு தவறு உண்டு. கேமராவிலும் எச்.டி.எம்.ஐ. துளை இருக்கிறது, லேப்டாப்பிலும் இருக்கிறது. இரண்டையும் ஒரு கேபிளால் இணைத்துவிட்டுப் படம் வரவில்லையே என்று தவிப்பார்கள். படம் வராது. லேப்டாப்பில் இருக்கும் அந்தத் துளை வெளியே போகும் வாசல். கேமராப் படம் உள்ளே வர ‘கேப்சர் கார்டு’ என்ற சின்னக் கருவி வேண்டும். அது கேமராவிலிருந்து படத்தை வாங்கி, யூ.எஸ்.பி. துளை வழியாக லேப்டாப்புக்குக் கொடுக்கும்.

சில புதிய லேப்டாப்புகளில் எச்.டி.எம்.ஐ. துளையே இருக்காது. யூ.எஸ்.பி. சி என்ற சின்ன நீள்வட்டத் துளைதான் இருக்கும். எல்லா யூ.எஸ்.பி. சி துளையும் படம் கொடுக்காது. சார்ஜ் மட்டும் ஏற்றுகிற துளையும் உண்டு. மாற்றுக் கருவி வாங்கும் முன் லேப்டாப்பைக் கடைக்கு எடுத்துப்போய்ச் செருகிப் பார்த்து வாங்க வேண்டும்.

மைதானத்தில் திரை ஒன்று அல்ல, இரண்டு. இரண்டிலும் ஒரே படம் போதும். அதற்கு ‘ஸ்பிளிட்டர்’ என்ற பெட்டி இருக்கிறது. ஒரு கேபிள் உள்ளே போகும். இரண்டு கேபிள் வெளியே வரும். அந்தக் கேபிள்களும் நேராகத் திரைக்குப் போவதில்லை. ‘பிராசசர்’ என்ற பெட்டிக்குப் போகின்றன. எல்.இ.டி. திரை பல பலகைகளை அடுக்கிச் செய்தது. எந்தப் பலகைக்கு எந்தத் துண்டு என்று பிரித்துக் கொடுப்பது பிராசசரின் வேலை.

படத்தின் அளவும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். பென் எல்லாவற்றையும் 1920க்கு 1080 என்று வைத்தார். இந்தியாவில் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று என்ற கணக்கில் வருகிறது. கேமராவையும் அதற்கு ஏற்ப நொடிக்கு 25 அல்லது 50 படம் என்று வைத்தால் பல விளக்குகளின் கீழே படம் மினுக்காது. லேப்டாப்பிலிருந்து வெளியே போவதையும் 50 என்று வைத்தால் படம் தட்டுத் தடுமாறாமல் ஓடும்.

கேபிளில் எழுதியிருப்பது

மேசையிலிருந்து மேடைக்கு நாற்பது மீட்டர். இங்கேதான் குழு திணறியது. சாதாரணச் செம்புக் கம்பி எச்.டி.எம்.ஐ. கேபிள் அவ்வளவு தூரம் தாங்காது. பத்து, பதினைந்து மீட்டரைத் தாண்டினால் படம் விட்டு விட்டு வரும். அல்லது வரவே வராது. அதற்கு மேல் போக வேண்டுமானால் உள்ளே கண்ணாடி இழை வைத்த கேபிள் வேண்டும். இதை மடக்கக் கூடாது. மிதிக்கவும் கூடாது.

குழுவினர் அந்தக் கேபிளை வாடகைக்கு வாங்கி வந்து இழுத்தார்கள். படம் வரவில்லை. பெட்டியை மாற்றினார்கள். வரவில்லை. லேப்டாப்பை அணைத்துப் போட்டார்கள். அப்போதும் வரவில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று ஒருவர் கோபப்பட்டார். இளைஞர் மட்டும் குனிந்து கேபிளின் முனையைப் பார்த்தார்.

“பென், இதில் ‘டிஸ்ப்ளே’ என்று எழுதியிருக்கிறது. டிஸ்ப்ளே என்றால் திரைதானே? இது ஏன் லேப்டாப்பில் இருக்கிறது?”

அவர் கேட்டது சரி. கண்ணாடி இழைக் கேபிளுக்குத் திசை உண்டு. ‘சோர்ஸ்’ என்று எழுதிய முனை லேப்டாப் பக்கம் இருக்க வேண்டும். ‘டிஸ்ப்ளே’ என்று எழுதிய முனை திரைப் பக்கம் இருக்க வேண்டும். நாற்பது மீட்டரையும் சுருட்டித் திருப்பிப் போட்டார்கள். படம் வந்தது.

மின்சாரம்

படம் வராவிட்டால் ஒரு நாள் கூலி போகும். மின்சாரத்தில் கவனக்குறைவாக இருந்தால் உயிரே போகும். லேப்டாப்புக்கு ஒரு லைனிலும் திரைக்கு வேறொரு ஜெனரேட்டரிலும் மின்சாரம் எடுப்பது பல இடங்களில் நடக்கிறது. எர்த் சரியாக இல்லாவிட்டால் இரண்டுக்கும் நடுவே உள்ள செம்புக் கேபிளில் மின்சாரம் பாயும். கேபிளைத் தொட்டால் கை சுரீர் என்கும். ‘கொஞ்சம் ஷாக்தான், பரவாயில்லை’ என்று சொல்வது பெரிய தப்பு. அது எச்.டி.எம்.ஐ. துளையை எரித்துவிடும். ஈரத் தரையில் நிற்பவரை அடித்தும் போட்டுவிடும்.

கை சுரீர் என்றால் வேலையை அங்கேயே நிறுத்தி எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். இரண்டுக்கும் ஒரே இடத்திலிருந்து, எர்த் உள்ள லைன் கேட்க வேண்டும். நவராத்திரி சமயத்தில் சில ஆண்டுகளில் குஜராத்தில் மழை முழுவதும் விட்டிருக்காது. அதனால் ஒயர் இணைப்புகள் தரையில் கிடக்கக் கூடாது.

ஆட்டம் தொடங்கிய பிறகு

கேமரா பார்த்த படம் கேப்சர் கார்டு, லேப்டாப், பிராசசர் என்று பல இடம் தாண்டி வருகிறது. அதனால் ஒரு நொடியில் ஒரு சிறு பங்கு தாமதம் ஆகும். திரையைப் பார்த்துத் தாளம் போட்டால் தாளம் பிசகும். பாடகர்களிடம் இதை முன்பே சொல்லிவிட வேண்டும். பாட்டு ஒலி லேப்டாப் வழியாகப் போகக் கூடாது. மைக்கிலிருந்து சவுண்டு மேசை வழியாக ஸ்பீக்கருக்கே போகட்டும். இரண்டு வழியிலும் போனால் ஒரே பாட்டு இரண்டு முறை கேட்கும்.

கேமரா பெரிய திரையைப் பார்த்து நின்றாலும் வேடிக்கைதான். திரைக்குள் திரை, அதற்குள் திரை என்று சுரங்கம் போல் போய்க்கொண்டே இருக்கும்.

திரையில் யாரைக் காட்டுவது என்பதும் மிக்ஸிங் செய்கிறவர் கையில்தான் இருக்கிறது. ஒரு பெண் ஆடும்போது அவரை மட்டும் நெருக்கமாகக் காட்டிக்கொண்டே இருப்பது நாகரிகம் இல்லை. தலையைக் குனிந்தவரை, விலகிப் போனவரை விட்டுவிட வேண்டும். இடது பெட்டி இருப்பது இதற்கும்தான். முதலில் அங்கே பார்த்து, சரி என்றால் மட்டும் வெளியே விடலாம்.

செய்து பாருங்கள்

பெரிய திரை இல்லாமலும் இதைப் பழகலாம். வீட்டு டிவியில் எச்.டி.எம்.ஐ. துளை இருந்தால் போதும். யாரிடமாவது லேப்டாப்பும் ஒரு சின்னக் கேபிளும் கேட்டு வாங்குங்கள். முதலில் டூப்ளிகேட் போட்டுப் பாருங்கள். பிறகு எக்ஸ்டெண்ட் போட்டுப் பாருங்கள். லேப்டாப்பில் ஒரு படத்தைத் திறந்து, அதை மவுஸால் பிடித்து ஓரத்துக்கு இழுத்துக்கொண்டே போங்கள். லேப்டாப்பில் பாதியும் டிவியில் பாதியும் தெரியும். இன்னும் இழுத்தால் முழுப் படமும் டிவிக்குப் போய்விடும். வலது பக்கம் போகாவிட்டால் இடது பக்கம் இழுத்துப் பாருங்கள்.