பின்பலகை

பந்திங் வட்டாரத்தில், லங்காட் ஆற்றிலிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் ஒரு வீட்டின் கொட்டகைக்கு ஒரு நாள் காலையில் லாரியில் ஒரு படகு வந்து இறங்கியது. 16 அடி நீளமுள்ள பழைய மீன்பிடிப் படகு அது. தோட்டப் பட்டறையில் வாகனங்களைப் பழுதுபார்க்கும் வேலை செய்துவரும் அந்த வீட்டுக்காரர் அதை மலிவான விலைக்கு வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மகனோடு ஆற்றுமுகத்திற்குச் சென்று தூண்டில் போட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

படகின் நிறம் வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. பக்கவாட்டில் ஒரு கையகலத்திற்கு விரிசல் இருந்தது. மற்றபடி குறை எதுவும் கண்ணில் படவில்லை. படிவம் நான்கில் பயிலும் மகன் படகை இரண்டு முறை சுற்றி வந்தான்.

“அப்பா, அந்த விரிசலை அடைத்து, நீலச் சாயம் அடித்துவிட்டால் போதும். பள்ளி விடுமுறை முடிவதற்குள் ஆற்றில் இறக்கிவிடலாம்” என்றான். தந்தையும் அப்படித்தான் நினைத்தார்.

மறுவாரம் அவனுடைய தாய்மாமன் வந்தார். அவர் கிள்ளான் பக்கம் ஒரு படகுப் பட்டறையில் பல ஆண்டுகள் வேலை செய்தவர். விரிசலை அவர் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. திருப்புளியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, அதன் கைப்பிடியால் படகை முன்பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். ‘டக், டக்’ என்று கேட்ட ஒலி, படகின் பின்புறத்தை அடைந்ததும் ‘தொப், தொப்’ என்று மாறியது.

“கேட்டீர்களா, மச்சான்? உள்ளே பலகை உளுத்துவிட்டது” என்றார்.

தந்தை நம்பவில்லை. மாமா உட்புறத்திலிருந்து பென்சில் அளவுக்கு ஒரு துளை போட்டார். நல்ல பலகையாக இருந்தால் வெளிறிய, உலர்ந்த தூள் வெளிவந்திருக்க வேண்டும். வந்ததோ, தேநீர் வடிகட்டியில் மிஞ்சும் சக்கையைப் போன்ற கறுத்த ஈரக்கூழ். அதில் புளித்த வாடையும் அடித்தது. மாமா அதை ஒரு பழைய மைலோ டின்னில் போட்டு மூடி வைத்தார்.

ஃபைபர் படகு என்று பலரும் அழைக்கும் கண்ணாடியிழைப் படகிற்குள் மரம் எப்படி வந்தது என்று மகனுக்கு வியப்பாக இருந்தது. நியாயமான ஐயந்தான். கண்ணாடியை முடியைப் போல மெல்லிய இழைகளாக்கி, அவற்றைப் பாயாகவோ துணியாகவோ செய்து, திரவப் பிசினில் நனைத்து இறுகவிட்டால் கிடைப்பதே படகின் உடல். 1942ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ரே கிரீன் என்பவர் இம்முறையில் ஒரு சிறு படகைச் செய்தார். அதன்பின் இந்தப் பொருள் உலகெங்கும் பரவியது. நம் நாட்டில் திரங்கானுவின் டுயோங் தீவில் செங்கால் மரத்தால் படகு கட்டும் கைவினைஞர்கள் புகழ்பெற்றவர்கள். ஆனால், செங்கால் மரம் அரிதாகவும் விலை மிகுந்ததாகவும் ஆகிவிட்டது. கண்ணாடியிழையோ அச்சில் வார்த்தெடுக்கக்கூடியது. மரத்தைப் போல அதைப் புழு துளைக்காது.

எனினும், மெல்லிய கண்ணாடியிழைத் தகடு வளையும். ஆகவே, வலிமை தேவைப்படும் இடங்களில் அதற்குள் ஒட்டுப்பலகையை வைத்து மூடுகிறார்கள். படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் சட்டங்களும் பின்பலகையும் பெரும்பாலும் அப்படி அமைந்தவையே. இயந்திரம் தொங்குவது இந்தப் பின்பலகையில்தான். இயந்திரத்தைப் பொருத்தும் மரையாணிகளுக்காக அதில் துளை போடுவார்கள். துளையின் ஓரத்தைச் சரியாக அடைக்காவிட்டால் நீர் சொட்டுச் சொட்டாக உள்ளே புகும். இருபுறமும் கண்ணாடியிழை மூடியிருப்பதால் புகுந்த நீருக்கு வெளியேற வழியில்லை. மரம் ஆண்டுக்கணக்கில் ஊறி மக்கும். வெளித்தோல் மட்டும் பளபளவென்றே இருக்கும்.

40 குதிரைத்திறன் கொண்ட இயந்திரம் சுமார் 70 கிலோ எடை இருக்கும். படகு விரையும்போது அந்த இயந்திரம் பின்பலகையைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அலையில் எழுந்து விழும்போதெல்லாம் அதை உலுக்கும். உளுத்த பலகை ஒரு நாள் பிளந்தால் இயந்திரம் போவதோடு நிற்காது. திறந்துவிட்ட பின்புறம் வழியாக நீரும் ஏறும்.

அன்றிரவு தந்தை கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒட்டுப்பலகை, பிசின், இழைப்பாய் எல்லாவற்றையும் சேர்த்தால் படகின் விலையைத் தாண்டியது.

இந்த நேரத்தில்தான் ஒருவர் படகைக் கேட்டு வந்தார். பக்கத்துத் தோட்டத்தில் வசிப்பவர். தம் இரு பிள்ளைகளையும் மீன்பிடிக்க அழைத்துச் செல்ல ஒரு படகு தேடிக்கொண்டிருந்தார். மாமா போட்ட துளை துணியால் அடைக்கப்பட்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

“சாயம் அடித்துக் கொடுத்துவிடுங்கள், அண்ணே. நீங்கள் வாங்கிய விலையைப்போல் இரண்டு மடங்கு தருகிறேன்” என்றார்.

தந்தை சிறிது நேரம் பேசவில்லை. மகன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சாயம் அடிக்க ஒரு நாள் போதும். வந்தவர் தட்டிப் பார்க்கப் போவதுமில்லை. தந்தை எழுந்து சென்று, அலமாரியிலிருந்த மைலோ டின்னை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார். அவர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். பின்பலகையை ஒரு முறை பார்த்தார். விலையைப் பற்றி அதற்குமேல் பேசாமல் விடைபெற்றுக்கொண்டார்.

“நாம் சொல்லாமல் இருந்திருக்கலாமே, அப்பா” என்றான் மகன், சற்றுக் கோபத்துடன்.

“அவர் பிள்ளைகளில் சின்னவனுக்கு என்ன வயது என்று சொன்னார்?” என்று மட்டும் தந்தை கேட்டார். மகன் பதில் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை வேலை தொடங்கியது. புதிய படகைக் கட்டுவதைவிடப் பழைய படகைப் பிரிப்பதில்தான் தவறுகள் எளிதில் நேரும். பின்பலகையை வெட்டி எடுத்தால் படகின் பக்கங்கள் தளர்ந்து அகலக்கூடும். அந்த நிலையில் புதுப்பலகையை வைத்து ஒட்டினால் கோணல் நிலைத்துவிடும். எனவே, மாமா முதலில் படகின் அடிப்பகுதிக்குப் பொருத்தமாக மரத்தாங்கிகள் செய்து அதை அசையாமல் நிறுத்தினார். குறுக்கே ஒரு கட்டையை வைத்துப் பக்கங்களை இறுக்கினார். பழைய பின்பலகையின் வடிவத்தை அட்டையில் வரைந்து வெட்டிக்கொண்டார். அதன் பிறகே உட்புறத் தகட்டை அறுத்து, மக்கிய மரத்தை உளியால் சுரண்டி எடுத்தார்கள். வெளித்தகட்டை அப்படியே விட்டுவைத்தார்கள்.

அடித்தளத்தின் கீழிருந்த மிதவை நுரையும் நீரைக் குடித்திருந்தது. ஒரு வாளி நிறைய அள்ளியதைத் தூக்கவே மகன் திணறினான். படகை மிதக்க வைக்க வேண்டிய நுரை, அதை இத்தனை நாளும் கீழே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

பழைய கண்ணாடியிழையின்மீது புதிய பிசினைப் பூசினால் அது தானாகப் பிடித்துக்கொள்ளாது. மேற்பரப்பைக் கரடுமுரடாகத் தேய்த்தால்தான் ஒட்டும். பக்கவாட்டு விரிசலைச் சரிசெய்யும்போது மாமா இதையே வலியுறுத்தினார். விரிசலின் ஓரங்களை மெதுவாகச் சரிந்து செல்லுமாறு தேய்க்கச் சொன்னார். தகட்டின் தடிப்பைப் போலச் சுமார் 12 மடங்கு அகலத்திற்கு அந்தச் சரிவு இருக்க வேண்டும். 5 மில்லிமீட்டர் தடிப்பு என்றால் ஒவ்வொரு பக்கமும் 60 மில்லிமீட்டர். ஒரு சிறு விரிசலுக்கா இவ்வளவு என்று மகன் சலித்துக்கொண்டான்.

தேய்க்கும்போது பறக்கும் தூளில் கண்ணாடித் துகள்கள் இருக்கும். தோலில் பட்டால் அரிக்கும். நுரையீரலுக்குள் போனால் அதைவிடக் கேடு. முழுக்கைச் சட்டை, கண்ணாடி, கையுறை, முகக்கவசம் இல்லாமல் யாரையும் மாமா கொட்டகைக்குள் விடவில்லை. பிசினைக் கையாளும்போது தூசிக்கான சாதாரண முகக்கவசம் போதாது. ஆவியைத் தடுக்கும் வடிகட்டி பொருத்திய கவசம் வேண்டும். பிசினை இறுகச் செய்யும் திரவமோ கண்ணில் தெறித்தால் பார்வையையே பறித்துவிடக்கூடியது. அந்தப் புட்டியைத் தந்தை மட்டுமே தொட்டார்.

ஒரு நாளைத் தவிர.

இறுக்கும் திரவத்தைப் பிசினின் எடையில் 1 முதல் 2 விழுக்காடு வரை சேர்ப்பது வழக்கம். காலைக் குளிர்ச்சியில் 500 கிராம் பிசினுக்கு 10 கிராம் சேர்த்தார்கள். பூசி முடிக்கப் போதிய நேரம் இருந்தது. நண்பகலுக்குப்பின் தந்தை கடைக்குச் சென்றிருந்தபோது, மகன் அதே அளவைத் தானே கலந்தான். கொட்டகையின் தகரக் கூரை அப்போது கொதித்துக்கொண்டிருந்தது. அவன் தூரிகையைத் தேடி எடுப்பதற்குள் குவளையில் இருந்த பிசின் கூழாகி, கையில் பிடிக்க முடியாதபடி சுட்டு, புகையத் தொடங்கிவிட்டது. மாமா அதை இடுக்கியால் தூக்கிச் சென்று, ஆளில்லாத மணல்திட்டில் வைத்தார்.

“வெயிலில் 5 கிராம் போதும், தம்பி. கலந்ததை ஆழமான குவளையில் வைத்திருக்காதே, அகலமான தட்டில் ஊற்று” என்றார். வைதிருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

புதிய பின்பலகைக்கு 18 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரண்டு ஒட்டுப்பலகைகளை ஒன்றாக ஒட்டினார்கள். பலகையின் விளிம்புகள்தாம் நீரை அதிகம் உறிஞ்சும்; ஆகவே, அவற்றிற்குப் பிசினைத் திரும்பத் திரும்பப் பூசினார்கள். வெளித்தகட்டில் கெட்டியான பிசின் கலவையைத் தடவி, பலகையை வைத்து இறுக்கினார்கள். விளிம்பு முழுவதும் கலவை பிதுங்கி வந்ததைப் பார்த்த பிறகே மாமா தலையசைத்தார். பிதுங்காத இடத்தில் உள்ளே வெற்றிடம் இருக்கும். வெற்றிடம் இருந்தால் நீர் அங்கே தேங்கும்.

மூலைகளைக் கலவையால் நிரப்பி வளைவாக்கினார்கள்; கூரிய மூலையில் கண்ணாடியிழை மடங்கி உட்காராது. பிறகு இழைப்பாயை அடுக்கடுக்காக விரித்தார்கள். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள பாய் அது. ஒரு சதுர மீட்டரை நனைக்க ஏறக்குறைய ஒரு கிலோ பிசின் பிடித்தது. உருளையால் அழுத்த அழுத்த, வெள்ளைப் பாய் கண்ணாடியாகத் தெளிந்தது. வெள்ளைப் புள்ளி எங்காவது மிஞ்சினால் அங்கே காற்று சிக்கியிருக்கிறது என்று பொருள். மகன் முழங்காலிட்டு ஒவ்வொரு புள்ளியாகத் தேடி உருட்டினான்.

இயந்திரத்திற்கான துளைகளைப் போடும்போது மாமா ஒரு வேலை செய்தார். தேவையான அளவைவிடப் பெரிய துளைகளைப் போட்டு, அவற்றைப் பிசின் கலவையால் முழுவதும் அடைத்தார். அது இறுகிய பின் நடுவில் சரியான அளவில் மீண்டும் துளையிட்டார். இனி மரையாணியைச் சுற்றி நீர் கசிந்தாலும் அது தொடுவது பிசினைத்தான், மரத்தை அல்ல. பழைய படகில் இந்த அரைநாள் வேலையைச் செய்திருந்தால் பின்பலகை உளுத்திருக்காது.

மழை நாள்களில் வேலை நின்றது. ஈரம் படிந்த பரப்பில் பிசின் சரியாகப் பிடிக்காது. பள்ளி விடுமுறை முடிந்தது. அடுத்த விடுமுறையும் வந்தது. கடைசியில் சாயம் அடிக்க, மகன் சொன்னதுபோலவே, ஒரு நாள்தான் ஆயிற்று. அவன் கேட்ட நீலநிறமே அடித்தார்கள்.

நீர்மட்டம் உயர்ந்திருந்த ஒரு காலையில் படகை ஆற்றில் இறக்கினார்கள். மூவரும் உயிர்காப்பு அங்கி அணிந்துகொண்டார்கள். தந்தை இயந்திரத்தை முதலில் மெதுவாகவும் பிறகு முழுவேகத்திலும் ஓட்டினார். மகன் தூண்டிலைத் தொடவே இல்லை. பின்பலகையின் உட்புறத்தில் உள்ளங்கையை வைத்தபடி அமர்ந்திருந்தான். அங்கே ஈரமில்லை. ஆனால், அரைமணி நேரத்தில் காலடியில் கொஞ்சம் நீர் சேர்ந்திருந்தது.

மாமா குனிந்து விளக்கொளியில் பார்த்தார். நீரை வடிக்கும் அடைப்பானின் ரப்பர் வளையம் பழையது. அதை மட்டும் யாரும் மாற்றவில்லை.

“திரும்பிவிடலாம், மச்சான்” என்றார். தந்தை ஒன்றும் சொல்லாமல் படகைக் கரைப்பக்கம் திருப்பினார்.