கல்லுக்குப் பயந்து கால்சியத்தை நிறுத்தலாமா?

தில்லியில் 'பத்ரி' என்று சொல்லும் சிறுநீரகக் கல் என்னை இருமுறை படுக்கையில் தள்ளியிருக்கிறது. உடல் பருமனைக் குறைக்க இரைப்பை பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பிறகு, தினமும் கால்சியம் மாத்திரை சாப்பிடும்படி மருத்துவர் எழுதிக் கொடுத்தபோது திகைத்தேன். "கல்லே சுண்ணாம்புதானே, அதையே மறுபடி விழுங்குவானேன்?" என்றாள் என் மனைவி. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. மூன்று மாதம் மாத்திரையைத் தொடவில்லை.

அடுத்த பரிசோதனையில் சிறுநீரில் ஆக்ஸலேட் கூடியிருந்தது. எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கச் செய்யும் பாராதைராய்டு ஹார்மோனும் இரத்தத்தில் உயர்ந்திருந்தது. கல்லுக்குப் பயந்து, கல்லுக்கும் வழி விட்டு, எலும்பையும் கரைத்துக் கொண்டிருந்திருக்கிறேன்! இதே நிலையில் உள்ள சங்க அன்பர்களுக்குப் பயன்படட்டும் என்று, நான் அறிந்துகொண்டதை எழுதுகிறேன்.

சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியமும் ஆக்ஸலேட்டும் சேர்ந்து உண்டாகின்றன. பாலக்கீரை, பீட்ரூட், பாதாம், முந்திரி, தேநீர் ஆகியவற்றில் ஆக்ஸலேட் உண்டு. உணவோடு கால்சியம் இருந்தால், அது குடலிலேயே ஆக்ஸலேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடும். பைபாஸ் செய்தவர்களுக்குக் கொழுப்பு முழுதும் செரிப்பதில்லை. மிஞ்சிய கொழுப்பு கால்சியத்தைத் தன்னோடு சேர்த்துக்கொள்ள, தனியே விடப்பட்ட ஆக்ஸலேட் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைகிறது. இரைப்பையை மட்டும் சிறிதாக்கும் சிகிச்சையில் இந்த ஆபத்து குறைவு.

2002-ல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்றில், அடிக்கடி கல் வந்த 120 ஆண்களில் 60 பேர் கால்சியம் குறைந்த உணவும், மற்ற 60 பேர் வழக்கமான கால்சியத்தோடு உப்பும் புலாலும் குறைந்த உணவும் உண்டனர். ஐந்தாண்டுகளில் முதல் பிரிவில் 23 பேருக்கும், இரண்டாம் பிரிவில் 12 பேருக்கும் மீண்டும் கல் வந்தது. ஆனால் பெண்களைப் பற்றி 1997-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், மாத்திரையாகக் கால்சியம் எடுத்தவர்களுக்குக் கல் சற்றுக் கூடுதலாக வந்தது. பலர் அதை உணவோடு சாப்பிடாதது காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். இவர்கள் பைபாஸ் செய்தவர்கள் அல்லர் என்றாலும், பாடம் நமக்கும் பொருந்தும்.

நான் இப்போது கடைப்பிடிப்பவை:

1. மாத்திரையை உணவோடுதான் சாப்பிடுகிறேன்; வெறும் வயிற்றில் அல்ல.

2. பைபாஸ் செய்தவர்களுக்கு நாளொன்றுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம் கால்சியம் தேவை. ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம் அளவாகப் பிரித்துக்கொள்கிறேன்.

3. கால்சியம் சிட்ரேட் வகையே ஏற்றது. அதற்கு இரைப்பை அமிலம் தேவையில்லை. சிட்ரேட் சிறுநீரில் கல் உருவாவதையும் தடுக்கும். 1000 மில்லிகிராம் கால்சியம் சிட்ரேட்டில் உண்மையான கால்சியம் 210 மில்லிகிராம்தான். அட்டையைக் கவனித்துப் படியுங்கள்.

4. இரும்புச் சத்து மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுகிறேன்.

5. தில்லி வெயிலில் தண்ணீர் முக்கியம். சிறுநீர் நாளுக்கு இரண்டரை லிட்டராவது போகவேண்டும். ஒரேயடியாகக் குடிக்க முடியாததால், உணவு வேளைகளுக்கு இடையே சிறிது சிறிதாகக் குடிக்கிறேன்.

6. உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும். ஊரிலிருந்து வரும் ஊறுகாய், வடகத்துக்கு இப்போது தொட்டுக்கொள்ளும் அளவுதான் இடம்.

அளவு ஆளுக்கு ஆள் மாறும். 24 மணி நேரச் சிறுநீரையும், இரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றையும் சோதித்து மருத்துவரே முடிவு செய்யவேண்டும். என்னைப் போல் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.