எண் குறித்த ஏடு

விருதுநகர்ப் புகைவண்டி நிலையத்தை இரயில்வேத் துறையினர் வி, பி, டி என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளால் குறிப்பர். ஊரின் பெயரில் பின்னிரண்டு எழுத்துகள் எங்கே உள்ளன என்று புதியவர் ஐயுறலாம். முன்னாளில் இவ்வூர் விருதுபட்டி என வழங்கிற்று. 1923ஆம் ஆண்டில் விருதுநகர் எனப் பெயர் பெற்றது. ஊரார் கைவிட்ட பெயரை இருப்புப்பாதை இன்றும் கைவிடவில்லை.

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் பாதை 1876ஆம் ஆண்டிலேயே இவ்வழியே அமைந்தது. சிவகாசிக்கோ 1927ஆம் ஆண்டில்தான் புகைவண்டி வந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து சிவகாசியில் தொடங்கியது, அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னதாகும். புதிய பாதை விருதுநகரிலிருந்து பிரிந்து, சிவகாசி, திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வழியாகத் தென்காசியை அடைந்தது. அதனால் விருதுநகர் ஒரு சந்திப்பு நிலையமாயிற்று.

இச்சந்திப்பின் அருகே வளர்ந்த சிறுவர் ஒருவர், 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில், பள்ளி விட்டதும் நடைமேடையின் கோடியில் வந்து நிற்பார். கையில் கோடிட்ட ஏடு ஒன்று இருக்கும். கைகாட்டி மரம் இறங்கியவுடன் அவர் பென்சிலைத் தீட்டிக்கொள்வார். வரும் எஞ்சினின் எண்ணையும் நாளையும் குறித்துக்கொள்வதே அவருடைய வேலை. இதனால் என்ன பயன் என்று வீட்டார் கேட்டதுண்டு. அவருக்கு விடை சொல்லத் தெரியவில்லை. பயன் கருதிச் செய்யும் வேலையா அது?

எண்ணுக்கு முன்னே உள்ள எழுத்துகளை அவர் விரைவில் படிக்கக் கற்றார். 'ஒய்' என்பது மீட்டர் பாதையைக் குறிக்கும். 'பி' பிரயாணிகள் வண்டியையும், 'ஜி' சரக்கு வண்டியையும் குறிக்கும். ஒய்.பி. எஞ்சினுக்கு முன்னே நான்கு, நடுவே ஆறு, பின்னே இரண்டு எனச் சக்கரங்கள் அமைந்திருக்கும். ஒய்.ஜி. எஞ்சினுக்கு நடுச் சக்கரங்கள் எட்டு. அவை அளவிற் சிறியன. ஆதலின் வேகம் குறைந்தாலும் மிகுந்த பாரத்தை இழுக்கும். சென்னையிலிருந்து செங்கோட்டைக் கணவாய் வழியே கொல்லம் செல்லும் மெயில் வண்டி வரும்போது, பென்சிலை மறந்து வாய் திறந்து நின்றதும் உண்டு என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

சரக்கு வண்டிகளில் அவர் கண்ட ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது. நீராவி எஞ்சின் நெருப்பை வயிற்றிற் கொண்டது. அதன் புகைபோக்கியிலிருந்து தீப்பொறி பறக்கும். சிவகாசியின் சரக்கோ தீப்பொறிக்கென்றே காத்திருப்பது. எனவே வெடிபொருள் ஏற்றிய பெட்டியை எஞ்சினை அடுத்துக் கோக்கமாட்டார்கள். வேறு சரக்குப் பெட்டிகளை இடையே நிறுத்துவார்கள். அவ்விடைவெளியைக் காக்கும் பொருட்டுப் பெட்டிகளை முன்னும் பின்னும் தள்ளி மாற்றும் காட்சியை அவர் நெடுநேரம் பார்த்திருப்பார்.

இங்கிலாந்தில் இவ்வழக்கம் முன்பே பரவியிருந்தது. 1942ஆம் ஆண்டில் இயன் ஆலன் என்னும் இரயில்வே எழுத்தர் எஞ்சின் எண்களைத் தொகுத்துச் சிறுநூலாக வெளியிட்டார். அந்நாட்டுச் சிறுவர்கள் தாம் கண்ட எண்ணை அந்நூலில் கோடிட்டுக் கொண்டனர். விருதுநகர்ச் சிறுவருக்கு அத்தகைய நூல் ஏதும் கிடைக்கவில்லை. கண்டதை எழுதினார், காணாததை அறியார்.

சித்தரஞ்சன் தொழிற்சாலை 1950 முதல் 1972 வரை 2351 நீராவி எஞ்சின்களைச் செய்து முடித்து, அத்தொழிலை நிறுத்திற்று. டீசல் எஞ்சின்கள் வந்தன. 2000ஐ அடுத்த சில ஆண்டுகளில் தென்காசிப் பாதையும் அகலப் பாதையாயிற்று. ஓய்வு பெற்ற நீராவி எஞ்சின்களுட் பெரும்பாலானவை பழைய இரும்பாக விற்கப்பட்டு, துண்டு துண்டாக வெட்டப்பட்டன. நிறுத்தி வைக்க இடம் வேண்டும். இரும்புக்கு விலையும் உண்டு. இதில் எவரையும் குறை கூறுவதற்கில்லை.

எனினும் சில தப்பின. மைக்கேல் சாட்டோ என்னும் ஆங்கிலப் பொறியாளர் இந்தியாவெங்கும் அலைந்து பழைய எஞ்சின்களைத் தேடினார். அவரைப் போன்றோரின் முயற்சியால் 1977ஆம் ஆண்டில் புதுதில்லியில் இரயில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 1855ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட 21ஆம் எண் எஞ்சின் ஒன்று ஜமால்பூரில் நெடுங்காலம் காட்சிப் பொருளாய் நின்றது. அதன் உறுப்புகள் பல காணாமற்போயிருந்தன. பெரம்பூர்த் தொழிலாளர்கள் அவற்றைப் புதிதாகச் செய்து பொருத்தி, 2010ஆம் ஆண்டில் அதனை மீண்டும் ஓடச் செய்தனர்.

அன்றைய சிறுவர் இன்று முதியவர். ஏடு பழுத்துவிட்டது, பென்சில் எழுத்துகள் மங்கிவிட்டன. நிலையங்களின் முகப்பிலோ அருங்காட்சியகத்திலோ பழைய எஞ்சினைக் காணுந்தோறும் அவர் கண்ணாடியை அணிந்து, எண்ணைப் படித்து, ஏட்டைப் புரட்டி ஒப்பிடுகிறார். இதுவரை ஒன்றும் ஒத்துவரவில்லை.