உணர்வற்ற காலுக்கு ஒரு செருப்பு

பாலாற்றங்கரையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை முதலிய ஊர்கள் அமைந்துள்ளன. இவை முன்னர் ஒரே வேலூர் மாவட்டத்தில் அடங்கியிருந்தன. 2019ஆம் ஆண்டில் அம்மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. தோல் பதனிடுதலும் காலணி செய்தலும் இவ்வூர்களின் பெருந்தொழில்கள். ஆவாரம்பட்டை ஊறிய தொட்டிகளில் தோலை இட்டுப் பக்குவம் செய்த பழைய முறை பெரும்பாலும் மறைந்து, குரோமிய உப்புக்களும் எந்திரங்களும் அதன் இடத்தைப் பெற்றுவிட்டன. ஆயினும் ஒன்று மாறவில்லை. தோலில் உள்ள தழும்பையும் கீறலையும் வண்ணப்பூச்சினால் மறைத்துவிடலாம்; வாங்குவோர் அதனை எளிதிற் காணார். செருப்பைத் தைத்து முடித்த பின்னர், உள்ளே வைத்திருப்பது எத்தகைய பொருள் என்பதையும் அவர் அறியார். செய்வோருடைய மனச்சான்றை நம்பியே அவர் பணம் கொடுக்கிறார்.

தோல் தொழிலைப் பல நாட்டவரும் இழிவாக எண்ணிய காலம் உண்டு. ஏசுநாதரின் சீடராகிய பேதுரு, யோப்பா என்னும் பட்டினத்தில் நெடுநாள் தங்கியிருந்த வீடு, சீமோன் என்ற தோல் பதனிடும் தொழிலாளியின் வீடு என்று விவிலியம் கூறுகின்றது. கூடாரத் தொழில் செய்து பிழைத்த பவுல், கொலோசெ நகரத்தார்க்கு எழுதிய திருமுகத்தில், பிறர் பார்க்கும்பொழுது மட்டும் உழைக்கலாகாது. கடவுளுக்கு அஞ்சி உண்மையாக உழைத்தல் வேண்டும் என்று அறிவுறுத்துகின்றார். அவ்வறிவுரையை அவர் அடிமைகளுக்கு எழுதினார். எனினும் தலைவர்களை அவர் விட்டுவிடவில்லை. அவர்களுக்கும் வானுலகில் ஒரு தலைவர் உண்டென நினைவூட்டி, நீதியோடு நடக்கச் சொல்கின்றார். மனிதர் கண்டுபிடிக்க இயலாத இடத்திலும் நேர்மையாக இருப்பதையே கிறித்தவ சமயம் தொழிலாளியிடம் எதிர்பார்க்கிறது. இவ்வெதிர்பார்ப்பு எவ்வளவு கடுமையானது என்பதை வேலூரில் உருவான ஒரு செருப்பு நன்கு காட்டுகின்றது.

கொல்லிமலையில் சமயப்பணி புரிந்த பெற்றோர்க்கு 1914ஆம் ஆண்டில் மகனாகப் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்டு. இங்கிலாந்தில் முதலில் தச்சு வேலையும் கட்டட வேலையும் கற்று, அதன் பின்னரே அவர் மருத்துவம் பயின்றார். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்து சேர்ந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் முறையினை அவர் இங்கே வளர்த்தார்.

ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முயன்று அவர் சலித்தார். அருகில் நின்ற தொழுநோயுற்ற சிறுவன் சாவியை வாங்கி எளிதில் திருகித் திறந்துவிட்டான். அவனுக்கு இத்துணை வலிமை எங்கிருந்து வந்தது என்று வியந்த மருத்துவர், கீழே இரத்தத் துளிகளைக் கண்டார். சாவி அச்சிறுவனின் விரலை எலும்பு தெரியுமளவும் அறுத்திருந்தது. அவனோ ஒன்றும் அறியாதவனாய் நின்றான்.

நோயே தசையை அரித்து விரல்களை உதிர்க்கின்றது என்றுதான் அந்நாளில் மக்களும் மருத்துவர் பலரும் நம்பினர். பிராண்டும் அவருடன் பணியாற்றியோரும் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடலாயினர். ஒருவர் சூடான பாத்திரத்தை வெறுங்கையால் பிடித்திருப்பார்; மற்றொருவரது கையில் கருவியின் பிடியிலிருந்த சிராய் ஏறியிருக்கும். இரவில் உறங்கும்பொழுது விரல்களை எலிகள் கடித்ததும் தெரியவந்தது. அதன்பின் நோயாளிகளுக்குப் பூனைகள் அளிக்கப்பட்டன! நோய் நரம்பைக் கெடுத்து உணர்ச்சியைப் போக்குகிறது. அதனால் உணரப்படாத காயங்களே பெரும்பாலும் புண்ணாகிக் கையையும் காலையும் அழிக்கின்றன என்பது தெளிவாயிற்று.

இம்முடிவு செருப்புத் தைப்போரையும் தொட்டது. நோயே காலைத் தின்கிறது என்று நம்பும் வரையில், மோசமான செருப்பைச் செய்தவர் மேல் பழி இல்லை. அது பொய்யாயின், செருப்பினுள் நீட்டிக்கொண்டிருந்த ஆணிக்குச் செய்தவரே பொறுப்பாவார். நாமாயின் முதல் அடியிலேயே வலியால் செருப்பைக் கழற்றிவிடுவோம். கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துச் சண்டையும் இடுவோம். உணர்வற்ற காலையுடையவரோ அவ்வாணியின் மேலேயே நாள் முழுதும் நடப்பார். புண் எலும்பை எட்டினால், காலையே நீக்க நேரிடலாம்.

எனவே, வேலூரிலும் 1955இல் தோன்றிய கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்திலும் பலவகைக் காலணிகள் ஆராயப்பட்டன. நுண்ணிய காற்றறைகள் கொண்ட மென்மையான ரப்பர் பாதத்தைத் தாங்குவதற்கு ஏற்றதாகக் காணப்பட்டது. அதன் கீழே முள் ஏறாத உறுதியான அடிப்பாகம். மேலே உராயாத அகன்ற வார்கள். ஆணி மட்டும் எங்கும் ஆகாது. தைத்தோ ஒட்டியோ முடித்தல் வேண்டும். ஓர் ஆணி அடித்தால் வேலை விரைவில் முடியும், கூலியும் குறையாது. அணிபவரும் குறை கூற வரமாட்டார். ஆதலின், கொடுக்குமுன் செருப்பின் உட்புறம் முழுவதையும் விரலால் தடவிப் பார்த்தல் செய்பவரது கடமையாயிற்று.

பிராண்டு 1966இல் அமெரிக்கா சென்று, அங்கும் தொழுநோயாளரிடையே பணியாற்றி, 2003இல் மறைந்தார். 1981இல் உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துகளால் இன்று இந்நோய் குணமாகின்றது. ஆனால், முற்றிலும் கெட்ட நரம்பின் உணர்ச்சி பெரும்பாலும் மீள்வதில்லை. ஆகையால், குணமடைந்தோர்க்கும் இச்செருப்பு தேவைப்படுகின்றது. நீரிழிவினால் காலில் உணர்ச்சி இழந்தவர்களும் இப்பொழுது இவ்வகைச் செருப்பையே அணிகின்றனர்.