மாத்திரை அட்டையில் மனசு தெரியும்

தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கம் 'மக்களைத் தேடி மருத்துவம்' வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கச்சிகளுக்கு, வார்டிலேயே காலம் கழித்து ஓய்வுபெற்ற ஒரு நர்ஸ் அக்கா, இதயநோயாளிகளின் மனசைப் பற்றிச் சொல்வது:

1. பிபி பார்க்குமுன் மாத்திரை அட்டையைக் கேளுங்கள். தீர்ந்திருக்க வேண்டியது மிச்சமிருந்தால், மறதி என்று எழுதிவிட்டுக் கிளம்பாதீர்கள். 'இனிமே என்ன இருக்கு' என்று நினைப்பவர் முதலில் கைவிடுவது மாத்திரையைத்தான். ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையைத் தானாக நிறுத்தினால், ஸ்டென்டே அடைத்துக்கொள்ளலாம்.

2. 'மனச்சோர்வு இருக்கா?' என்றால் யாரும் ஆமாம் சொல்லமாட்டார்கள். அசதி, தூக்கமில்லை என்பார்கள். இப்படிக் கேளுங்கள்: ரெண்டு வாரமா எதுலயும் பிடிப்பில்லையா? மனசு சோர்ந்தே கிடக்கா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் டாக்டருக்குத் தெரியவேண்டும். மாரடைப்பு வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. கவனிக்காமல் விட்டால் உயிருக்கும் ஆபத்து. அமெரிக்க இதயச் சங்கத்தின் நிபுணர் குழு 2014-லேயே இதை எச்சரித்தது.

3. நெஞ்சுவலியை 'வெறும் பயம்' என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பதற்றத்திலும் படபடக்கும், வியர்க்கும், அட்டாக்கிலும் அப்படியே. ஈசிஜி, ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர் சொல்லட்டும். உடனே 108.

4. 'அப்பாகிட்டச் சொல்லாதே, டென்ஷனாயிடுவார்' என்று எல்லாவற்றையும் மறைக்கும் வீடுகளில் அப்பா விருந்தாளியாகிவிடுகிறார். கரண்ட் பில், வீட்டு வரிக் கணக்கு அவரிடமே இருக்கட்டும். டாக்டர் சொன்ன அளவு சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நடக்கட்டும். துணைக்கு ஒருவர் போனால் பேச்சும் வரும்.

5. அம்மாவுக்கு நடப்பது நேர்மாறு. நெஞ்சுவலி வந்தபோது 'கேஸ்' என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அடுப்படிக்கு அனுப்பிவிட்டார்கள். அவளை உட்காரவைத்துப் பேசுங்கள். மருமகளிடமும் மகனிடமும் வேலையைப் பிரிக்கச் சொல்லுங்கள்.

6. கணவன் மனைவி நெருக்கம் பற்றிய பயம் பல வீடுகளில் வாய்விட்டு வராது. 'இதையும் டாக்டரிடம் கேட்கலாம்' என்று நீங்கள் சொல்லிவைத்தால் போதும். சிகிச்சை முடிந்து உடல் தேறியவர்களில் பலருக்குத் தடையில்லை.

7. மனசுக்கு மாத்திரை தந்தால் 'ஹார்ட்டுக்கு ஆகாது' என்று பக்கத்து வீட்டார் நிறுத்தச் சொல்வார்கள். இதயநோயாளிக்கு ஏற்ற மருந்துகள் இருக்கின்றன. இதய டாக்டரிடம் சீட்டைக் காட்டிக் கேட்கச் சொல்லுங்கள்.

8. மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416. இலவசம், இரவும் பகலும், தமிழிலேயே பேசலாம். மாத்திரை அட்டையின் பின்னால் எழுதிக்கொடுங்கள். சாவைப் பற்றிப் பேசுகிறவரைத் தனியே விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகாதீர்கள். அன்றைய கணக்கு குறைந்தால் குறையட்டும்.