நடையைப் படிப்போம்: இடுப்புச் சொடக்கும் வலியும் வகுப்பறையும்

எலும்பு மண்டலம் நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, விரலில் நெட்டி முறித்தால் ஏன் சத்தம் வருகிறது என்பதுதான். அதைத் தொடர்ந்து யாராவது ஒருவர் எழுந்து, "எனக்கு இடுப்பிலேயே சத்தம் வருது மிஸ்" என்பார். வகுப்பு சிரிக்கும். சிரிப்போடு விட்டுவிடாமல் அந்தச் சத்தத்தையே பாடமாக்கினால் எலும்பு, தசை, நெம்புகோல், அளவீடு, ஆய்வு முறை ஆகியவற்றை ஒரே சரடில் கோத்துவிடலாம் என்பது என் வகுப்பறை அனுபவம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. வலியுள்ள மாணவர் வாய் திறந்து சொல்வதற்கு முன்பே அவருடைய நடை சொல்லிவிடுகிறது. அந்த நடையை நாள்தோறும் பார்ப்பவர்கள் ஆசிரியர்களாகிய நாம்தான்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

விரல் நெட்டியும் இடுப்புச் சொடக்கும் ஒன்றல்ல. விரலை இழுக்கும்போது மூட்டுத் திரவத்தில் உண்டாகும் வாயுக் குமிழியோடு தொடர்புடையது நெட்டிச் சத்தம். இடுப்பிலோ பெரும்பாலும் இறுகிய நார்ப்பட்டை அல்லது தசைநாண் ஒன்று எலும்பு மேட்டில் சிக்கி, சட்டென்று தாண்டிக் குதிப்பதால் சத்தம் எழுகிறது. வீணைத் தந்தியை விரலால் இழுத்து விடுவதை இதற்கு உவமையாகச் சொல்லலாம்.

இதை மருத்துவர்கள் மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள்.

வெளிப்புறச் சொடக்கு: இடுப்புக்குச் சற்றுக் கீழே பக்கவாட்டில் கை வைத்தால் ஓர் எலும்பு மேடு தட்டுப்படும். அது தொடை எலும்பின் மேல்பகுதி. அதன்மீது இலியோடிபியல் பட்டை என்னும் நீண்ட நார்ப்பட்டை முழங்காலுக்குக் கீழ் வரை ஓடுகிறது. கால் பின்னால் நீண்டிருக்கும்போது இப்பட்டை மேட்டுக்குப் பின்புறம் இருக்கும்; தொடையை மடக்கும்போது முன்புறம் நகரும். வழுக்கிக்கொண்டு போக வேண்டியது சிக்கித் தாண்டினால் சொடக்கு. தோலுக்கடியில் ஏதோ துள்ளுவது கண்ணுக்கே தெரியும். 'எலும்பு கழன்று மாட்டுகிறது' என்று மாணவர்கள் அஞ்சுவது இதைப் பார்த்துத்தான். உண்மையில் மூட்டு தன் இடத்திலேயே இருக்கிறது.

உட்புறச் சொடக்கு: தொடையை மேலே தூக்கும் இலியோசோவாஸ் தசையின் நாண், இடுப்பெலும்பின் முன்பக்க மேட்டைத் தாண்டும்போது உண்டாவது. இடம் தொடையிடுக்கு. இது கண்ணுக்குத் தெரிவதைவிடக் காதுக்கு நன்றாகக் கேட்கும். நாற்காலியிலிருந்து எழும்போதும், மடக்கி வெளிப்பக்கம் திருப்பிய காலை நீட்டும்போதும் வரும். பாலே நடனக் கலைஞர்களிடம் இது அதிகம் காணப்படுகிறது.

மூட்டுக்குள் எழும் சொடக்கு: கிண்ணத்தின் விளிம்பிலுள்ள குருத்தெலும்பு கிழிவது போன்ற காரணங்களால் வருவது. சத்தத்தோடு மூட்டு சிக்கிக்கொள்வது போன்ற உணர்வும் இருக்கலாம். இதை மருத்துவரே ஆராய்ந்து சொல்ல வேண்டும்.

நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு இடுப்புச் சொடக்கு இருக்கலாம் என மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. அவர்களில் பெரும்பாலோருக்கு வலி கிடையாது. வலியில்லாத சொடக்குக்குச் சிகிச்சையும் தேவையில்லை. இதை வகுப்பில் முதலில் சொல்லிவிட வேண்டும். பாதிப் பயம் அங்கேயே போய்விடும். சத்தத்தோடு வலியும் சேரும்போதுதான் கதை மாறுகிறது.

ஓர் அடிக்குள் நடப்பவை

ஒரு குதிகால் தரையைத் தொடுவதிலிருந்து அதே குதிகால் மீண்டும் தொடும் வரை ஒரு நடைச் சுழற்சி. இதில் ஏறத்தாழ 60 விழுக்காடு நேரம் அந்தக் கால் தரையில் ஊன்றியிருக்கும். 40 விழுக்காடு நேரம் காற்றில் வீசும். குதிகால் தரையைத் தொடும்போது இடுப்பு ஏறக்குறைய 30 பாகை மடங்கியிருக்கும். கால் தரையை விட்டு எழுவதற்குச் சற்று முன் தொடை உடலுக்குப் பின்னால் 10 பாகை அளவுக்கு நீண்டிருக்கும்.

தசைகளும் முறை வைத்துத்தான் வேலை செய்கின்றன. குதிகால் ஊன்றும்போது புட்டத்தின் பெரிய தசை உடல் முன்னால் மடிந்துவிடாமல் பிடிக்கிறது. எடை முழுவதும் ஒற்றைக் காலுக்கு மாறும்போது இடுப்பின் வெளிப்பக்கத்திலுள்ள குளுட்டியஸ் மீடியஸ் தசை இடுப்பெலும்பைச் சாயாமல் தாங்குகிறது. கெண்டைக்கால் தசை உந்துகிறது. பிறகு இலியோசோவாஸ் தொடையை முன்னே தூக்குகிறது. வீசும் கால் தரைக்கு வருமுன் தொடையின் பின்தசைகள் அதன் வேகத்துக்குக் கடிவாளம் போடுகின்றன. இசைக்குழுவில் ஒவ்வொரு கருவியும் தன் இடத்தில் நுழைந்து விலகுவதைப் போன்ற ஒழுங்கு இது.

ஒற்றைக் காலில் ஒரு நெம்புகோல்

பத்தாம் வகுப்பில் விசையின் திருப்புத்திறன் நடத்தும்போது கதவையும் திருகியையும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். மாணவரின் இடுப்பையே எடுத்துக்காட்டாக்கலாம்.

42 கிலோகிராம் எடையுள்ள மாணவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். ஊன்றிய காலின் எடை உடலில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 7 கிலோ என்று கொள்வோம். மீதி 35 கிலோவை அந்த இடுப்பு மூட்டு தாங்க வேண்டும். அந்த எடை மூட்டிலிருந்து 10 செ.மீ. தள்ளிச் செயல்படுகிறது, அதைச் சமன் செய்யும் வெளிப்பக்கத் தசையோ மறுபுறம் 5 செ.மீ. தொலைவில் இழுக்கிறது என்று எளிமையாக வைத்துக்கொள்வோம். 35 × 10 = தசைவிசை × 5. ஆகவே தசை 70 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் இழுக்க வேண்டும். மூட்டின் மீது விழுவது 35 + 70 = 105 கிலோ. உடல் எடையைப் போல் இரண்டரை மடங்கு!

இது கரும்பலகைக் கணக்கு மட்டுமன்று. ஜெர்மனியில் செயற்கை இடுப்பு மூட்டுக்குள்ளேயே உணர்கருவிகளைப் பொருத்தி அளந்து 2001இல் வெளியிட்ட முடிவுகளிலும், சாதாரண நடையில் உடல் எடையைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு விசையே பதிவாகியிருந்தது. ஒவ்வோர் அடியிலும் அந்தச் சிறிய தசை எவ்வளவு வேலை செய்கிறது என்பது மாணவர்களுக்கு அப்போது புரியும்.

வலி வந்தால் நடை எப்படி மாறும்?

நம் மொழியில் நடைக்குத்தான் எத்தனை சொற்கள்! நொண்டுதல், கெந்துதல், விந்தி நடத்தல், காலை இழுத்து நடத்தல், தாங்கித் தாங்கி நடத்தல். இவற்றில் 'தாங்கி நடத்தல்' வலியின் நடை. வலிக்கும் காலில் நிற்கும் நேரத்தை உடல் குறைத்துக்கொள்கிறது. மறு கால் அவசரமாகத் தரைக்கு வருகிறது. தொடையிடுக்கில் வலி இருந்தால் தொடையைப் பின்னால் முழுவதும் நீட்டத் தயங்கி அடி சுருங்கலாம்.

வெளிப்பக்கத் தசை வலுவிழந்தால் வேறொரு மாற்றம் தெரியும். அந்தக் காலில் நிற்கும்போது மறுபக்க இடுப்பு கீழே இறங்கும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் டிரெண்டலென்பர்க் 1895இல் விளக்கிய இந்தச் சோதனை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. இடுப்பு இறங்காமலிருக்கச் சிலர் வலிக்கும் பக்கமாக உடலைச் சாய்த்து நடப்பார்கள். சாயும்போது எடையின் தொலைவு 10 செ.மீ.யிலிருந்து குறைகிறது, தசை இழுக்க வேண்டிய விசையும் குறைகிறது. திருப்புத்திறன் சூத்திரம் தெரியாமலேயே உடல் கணக்குப் போட்டுவிடுகிறது.

வலியில் தசைகள் வெறுமனே ஓய்ந்துவிடுவதில்லை. வேலை தசைகளுக்கிடையிலும் ஒரே தசைக்குள்ளும் மறுபங்கீடு செய்யப்படுகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஹாட்ஜஸ், டக்கர் இருவரும் 2011இல் விளக்கினர். உடனடியாக இது பாதுகாப்பு. நெடுநாள் நீடித்தால் வேறு தசைகளுக்கும் மூட்டுகளுக்கும் சுமையாகலாம்.

இதை எப்படி அளக்கிறார்கள்? ஒளியைத் திருப்பும் சிறு குமிழ்களை உடலில் ஒட்டிப் பல கேமராக்களால் மூட்டின் கோணங்களைப் பதிவு செய்கிறார்கள். தரையில் பதித்த விசைத்தட்டு காலடியின் விசையை அளக்கிறது. தோலில் ஒட்டிய மின்முனைகள் தசை சுருங்கும்போது எழும் நுண்ணிய மின்குறிகையைப் பிடிக்கின்றன. இதற்கு மின்தசை வரைவு என்று பெயர். இலியோசோவாஸ் ஆழத்தில் இருப்பதால் தோல்மேல் மின்முனையில் அது எளிதில் அகப்படாது. மெல்லிய கம்பியைத் தசைக்குள் செலுத்தி அளக்க வேண்டியிருக்கும்.

வெளிப்புறச் சொடக்கால் வலியுள்ளவர்களின் இடுப்பு வெளிப்பக்கத் தசை வலு, வலியில்லாதவர்களைவிடக் குறைந்திருந்ததை டென்மார்க்கில் 2012இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இங்கே மேல்நிலை மாணவர்களிடம் நான் ஒரு கேள்வி வைப்பேன்: தசை வலுவிழந்ததால் சொடக்கும் வலியும் வந்ததா, வலி வந்ததால் தசை வலுவிழந்ததா? இரு குழுக்களை ஒரே ஒரு முறை ஒப்பிடும் ஆய்வால் இதற்கு விடை சொல்ல முடியாது. காலப்போக்கில் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு வேண்டும். 'சேர்ந்து காணப்படுவது வேறு, காரணம் என்பது வேறு' என்ற அறிவியல் மனப்பான்மையை விதைக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

எங்கள் பள்ளி கோ-கோ அணியில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் இருந்தார். உட்கார்ந்த நிலையிலிருந்து எழும்போது 'டொக்' என்று சத்தம் வரும். தோழிகளுக்கு அது வேடிக்கை. சில வாரங்களில் படியேறும்போது ஒரே காலை முன்வைத்து ஏறத் தொடங்கினார். வரிசையில் நிற்கும்போதும் எடையை ஒரு பக்கமே போட்டு நின்றார். தனியாக அழைத்து, "என்னம்மா, கால் வலிக்குதா?" என்றேன். "டீம்ல இருந்து எடுத்துடுவாங்கன்னு சொல்லல மிஸ்" என்றார். பெற்றோரிடம் பேசி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம். தசைநாண் சார்ந்த வலிதான். சில மாதங்கள் ஓய்வும் இயன்முறைப் பயிற்சியும் போதுமானதாக இருந்தன. அடுத்த ஆண்டு மீண்டும் ஆடினார். வலியை மறைப்பதற்கு மாணவர்களிடம் எப்போதும் ஒரு காரணம் இருக்கும். நடையில் மட்டும் அதை மறைக்க முடிவதில்லை.

வகுப்பறைச் செயல்பாடுகள்

1. பட்டையைத் தேடு: மாணவர் தன் தொடைப் பக்கவாட்டு மேட்டில் தானே உள்ளங்கையை வைத்து, அந்தக் காலை மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டி, கைக்கடியில் நகர்வதை உணர வேண்டும்.

2. பை எந்தக் கையில்? இடது காலில் நின்று, புத்தகப் பையை முதலில் இடக்கையிலும் பிறகு வலக்கையிலும் பிடிக்கச் சொல்லுங்கள். வலக்கையில் பிடிக்கும்போது இடது இடுப்பின் வெளிப்பக்கத் தசை அதிகம் இறுகும். ஏன் என்பதைத் திருப்புத்திறனால் விளக்கச் சொல்லுங்கள். வலிக்கும் காலுக்கு எதிர்க்கையில் ஊன்றுகோல் பிடிக்க மருத்துவர் சொல்வதன் காரணமும் இதிலேயே கிடைத்துவிடும்.

3. ஈரக்கால் தடம்: கால்களை நனைத்துச் சிமெண்டுத் தரையில் பத்து அடி நடக்கச் செய்து, ஒரு குதிகாலிலிருந்து அடுத்த குதிகால் வரை அளந்து, இடது, வலது அடிகளின் சராசரியைத் தனித்தனியே காணலாம். தொடக்கநிலை மாணவர்களுக்கு இது அளவீட்டுப் பாடம், உயர்நிலைக்குப் புள்ளியியல்.

4. காலடித் தாளம்: விருப்பமுள்ள ஒருவர் இயல்பாக நடக்கட்டும். பிறகு ஒரு செருப்பின் குதிகால் பகுதியில் மடித்த காகிதத்தை வைத்துச் சிறிது தூரம் நடக்கட்டும். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு காலடி ஓசையைக் கேட்டால், சீரான தாளம் மாறுவது தெரியும்.

ஒரு வேண்டுகோள். மாற்றுத்திறனாளி மாணவரின் நடையையோ, வலியுள்ள மாணவரின் நடையையோ காட்சிப்பொருளாக்க வேண்டாம். பிறர் நடையை நடித்துக் காட்டச் சொல்லவும் வேண்டாம். சொடக்கு உள்ளவரைத் திரும்பத் திரும்பச் செய்து காட்டச் சொல்வதும் கூடாது. அதுவே நாணை உறுத்தும்.

ஆசிரியர் கவனத்துக்கு

நோயைக் கண்டறிவது நம் வேலை அன்று. கவனிப்பதும் உரிய இடத்துக்கு அனுப்புவதும் நம்மால் முடியும். காலை வழிபாட்டுக் கூட்டம், உணவு வரிசை, மாடிப்படி ஆகியவை இயல்பான நடையைப் பார்க்கும் இடங்கள். தனியாக அழைத்துக் கேளுங்கள். மாணவியரிடம் ஆசிரியை கேட்பது நல்லது. எங்கே வலிக்கிறது என்று மாணவரே விரலால் காட்டட்டும். எப்போது தொடங்கியது, எதைச் செய்தால் கூடுகிறது என்று குறித்து வைத்துப் பெற்றோரிடம் தெரிவியுங்கள்.

சில அறிகுறிகளில் காத்திருக்கக் கூடாது:

• வளரிளம் பருவத்தினர், குறிப்பாக உடல் எடை கூடியவர், தாங்கி நடந்தால்: தொடை எலும்பின் பந்துப்பகுதி வளர்ச்சித் தட்டில் நழுவியிருக்கலாம். வலி முழங்காலில் மட்டும் தெரியலாம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அவரை நடக்கவிடாமல் அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

• காய்ச்சலோடு இடுப்பு வலி, காலை ஊன்றவே மறுத்தல்: மூட்டில் சீழ்த்தொற்று இருக்கலாம். இது அவசரச் சிகிச்சைக்குரியது.

• தொடக்க வகுப்புக் குழந்தை வாரக்கணக்கில் நொண்டுதல்: பந்துப்பகுதிக்கு இரத்த ஓட்டம் குறையும் பெர்தஸ் நோயாக இருக்கக்கூடும். குழந்தை விளையாட்டாகச் செய்கிறது என்று விட்டுவிடக் கூடாது.

• இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, மூட்டு சிக்கிக்கொள்ளுதல்: மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அவசரமில்லாத நிலையில், பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் மாணவரின் பெயரைச் சொல்லி வைக்கலாம். விளையாட்டில் இருப்பவர் என்றால் உடற்கல்வி ஆசிரியருடன் கலந்து பேசி, வலியைத் தூண்டும் அசைவை மட்டும் நிறுத்தி, கோல் எண்ணுதல், நேரம் குறித்தல் போன்ற பொறுப்புகளைக் கொடுத்து அணியிலேயே வைத்திருக்கலாம். அணியில் இடம் போகாது என்ற உறுதி கிடைத்தால் வலியை மறைக்க வேண்டிய தேவை மாணவருக்கு இருக்காது.

இந்தப் பாடத்தை முடிக்கும்போது மாணவர்களிடம் நான் இரண்டு செய்திகளை எழுதிக்கொள்ளச் சொல்வேன். சத்தம் மட்டும் என்றால் பயம் வேண்டாம். வலி என்றால் மறைக்க வேண்டாம். அந்த இரண்டாவது வரியை அவர்கள் நம்பும்படி நடந்துகொள்வது நம் பொறுப்பு.