ஐந்தும் சரி, ஆறாவது?

நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு! சொல்லவே மூச்சு வாங்கும் இந்த 4294967297 என்னும் எண், கணித மேதை ஒருவரையே ஏமாற்றிவிட்டது. அந்தக் கதையைச் சிறிது காண்போமா?

1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும், 1-ஐவிடப் பெரிய எண்ணைப் பகா எண் என்று நாம் வகுப்பில் படித்திருக்கிறோம். 2-இன் 1, 2, 4, 8, 16 ஆகிய அடுக்குகளோடு 1-ஐக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537 கிடைக்கும். ஐந்தும் பகா எண்களே! பிரான்சு நாட்டு பெர்மா 1640-ஆம் ஆண்டில் இதைக் கண்டு, இவ்வரிசையில் வரும் எண்கள் யாவும் பகா எண்களே என்று நம்பினார். ஆனால் அதை நிறுவ இயலவில்லை என்றும் ஒப்புக்கொண்டார்.

ஆறாவது எண்ணே நம் 4294967297. இதைச் சோதிக்க 65536 வரையுள்ள 6542 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். யாருக்குப் பொறுமை உண்டு?

1729-இல் கோல்டுபாக் என்பவர் இக்கேள்வியை ஆய்லருக்கு எழுதினார். 1732-இல் ஆய்லர் விடை கூறினார்: இவ்வெண் 641-ஆல் வகுபடும்! இதன் பகாக் காரணி எதையும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் என்பதையும் அவர் பின்னர் நிறுவினார். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என வரும். ஆறாயிரத்துக்கு மேற்பட்ட வகுத்தல்கள் ஐந்தாகச் சுருங்கிவிட்டன!

நாமும் சோதிக்கலாம். 2-இன் 16-ஆம் அடுக்கு 65536. அதை 641-ஆல் வகுத்தால் மீதி 154. 154-ஐ 154-ஆல் பெருக்கினால் 23716. அதை 641-ஆல் வகுத்தால் மீதி 640. எனவே 2-இன் 32-ஆம் அடுக்கை வகுத்தாலும் மீதி 640-தான். அதனோடு 1-ஐக் கூட்டினால் 641. மீதியின்றி வகுபட்டுவிட்டது! பெருக்கிப் பார்ப்போர்க்கு: 641 × 6700417 = 4294967297.

தோழியரே, ஐந்து கணக்குகள் சரியாக வந்ததும் "இவ்வாறே எல்லாம்" என்று நாமும் எழுதிவிடுகிறோம் அல்லவா? எடுத்துக்காட்டு வேறு, நிரூபணம் வேறு. இவ்வரிசையில் ஆறாவது பகா எண் இன்றுவரை அகப்படவில்லை. அதனால் இனி இல்லவே இல்லை என்று சொல்லலாமா? கூடாது. அதையும் இன்னும் எவரும் நிறுவவில்லை. நம்முள் ஒருத்தி முயன்றால் என்ன?